நாவலில் இடிந்த மில் படத்தில் நிற்கிறது: எதைத் தொடர்வது?

கேள்வி: வணக்கம் சார். எட்டு வருடமாக உதவி இயக்குநராக இருக்கிறேன். முதல் பட வாய்ப்பு இப்போதுதான் வந்திருக்கிறது. இருபது வருடங்களுக்கு முன்னால் ஒரு பேய் நாவலைப் படமாக எடுத்தார்கள். இன்றைக்கு டிவியில் போட்டாலும் வீடே உட்கார்ந்து பார்க்கும். அந்த எழுத்தாளர் இப்போது நாவலின் இரண்டாம் பாகத்தை எழுதியிருக்கிறார். தயாரிப்பாளர் அதைத்தான் என்னிடம் கொடுத்திருக்கிறார். முதல் நாவலின் முடிவில் அக்கா, நெல் குடோனின் இரும்புக் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டு தம்பியைத் தப்பிக்க வைப்பாள். அவள் இறந்துவிடுவாள், மில்லும் இடிந்துவிடும். படத்தில் அக்காவைக் காப்பாற்றிவிட்டார்கள், மில்லும் அப்படியே நிற்கும். இரண்டாம் நாவலில், நாற்பது வயதான தம்பியை ஊருக்கு இழுப்பதே இறந்த அக்காவின் குரல்தான். படம் பார்த்தவர்களுக்கு அவள் உயிரோடு இருக்கிறாளே, நான் என்ன செய்வது? எழுத்தாளருக்கு அந்தப் படத்தின் மேல் இன்னும் வருத்தம். தயாரிப்பாளரோ பழைய மில், படிக்கட்டு, தாலாட்டு எல்லாம் வந்தே ஆக வேண்டும் என்கிறார். நான் யார் பக்கம் நிற்பது? பெயர் வேண்டாம் சார்.

பதில்: அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படிக்கும்போதே 'டாக்டர் ஸ்லீப்' ஞாபகம் வந்துவிட்டது. 2019இல் மைக் ஃப்ளானகன் எழுதி இயக்கிய படம். உங்கள் கையில் இருக்கும் முடிச்சு அப்படியே அவர் கையிலும் இருந்தது. அவர் அதை எப்படி அவிழ்த்தார் என்பதை விவரமாகச் சொல்கிறேன். உங்கள் கதைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஸ்டீபன் கிங் 'தி ஷைனிங்' நாவலை 1977இல் வெளியிட்டார். பனிக்காலத்தில் மூடிக்கிடக்கும் ஓவர்லுக் என்ற மலை ஹோட்டலைக் காவல் காக்க ஜாக் டாரன்ஸ் என்பவன் மனைவியோடும் சின்ன மகன் டேனியோடும் போகிறான். ஜாக் குடியை விட முயன்றுகொண்டிருப்பவன். ஹோட்டல் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கடைசியில் மகனையே கொல்லத் துரத்துகிறான். நாவலில் ஒரு நொடி அவனுக்குத் தன்னறிவு திரும்பும். ஓடிப்போ என்று மகனிடம் சொல்வான். அதன்பிறகு கவனிப்பாரில்லாத பாய்லர் வெடித்து ஹோட்டலும் அவனும் எரிந்து போவார்கள். கிங் தன்னுடைய குடிப்பழக்கத்தின் பயத்தையே அதில் எழுதினார். அதனால் அந்த ஒரு நொடி அவருக்கு உயிர்.

1980இல் ஸ்டான்லி குப்ரிக் அதைப் படமாக எடுத்தபோது அந்த நொடியும் இல்லை, பாய்லரும் வெடிக்கவில்லை. ஜாக் புதர்வேலிச் சுழல்பாதையில் வழி தெரியாமல் பனியில் உறைந்து சாவான். ஹோட்டல் ஒரு கீறல் இல்லாமல் நிற்கும். நாவலில் பிழைத்துக்கொள்ளும் சமையல்காரர் டிக் ஹாலரன், படத்தில் கோடரியால் வெட்டுப்பட்டுச் சாவார். ஜாக்காக நடித்த ஜாக் நிக்கல்சன் முதல் காட்சியிலிருந்தே பாதிப் பைத்தியமாகத் தெரிகிறார், நல்லவன் ஒருவன் கெட்டுப்போகும் கதையே போய்விட்டது என்று கிங் பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஜின் இல்லாத அழகான பெரிய கார் என்றுகூட அந்தப் படத்தைச் சொன்னார். 1997இல் தானே திரைக்கதை எழுதி டிவி தொடராகவும் எடுக்க வைத்தார். ஆனால் உலகத்தின் மனதில் பதிந்தது குப்ரிக்கின் ஹோட்டல்தான். மூன்று சக்கர சைக்கிளில் போகும் சிறுவனையும், அவன் பின்னாலேயே தரையோடு தரையாகக் குலுங்காமல் போகும் ஸ்டெடிகேம் கேமரா ஷாட்டையும், லிஃப்டிலிருந்து கொட்டும் ரத்தத்தையும் படம் பார்க்காதவர்களுக்குக்கூடத் தெரியும்.

2013இல் கிங் இரண்டாம் நாவலான 'டாக்டர் ஸ்லீப்'பை எழுதினார். அவர் தன் நாவலைத்தான் தொடர்ந்தார். அதில் ஹோட்டல் எரிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஹாலரன் உயிரோடு வந்து, துரத்தும் பேய்களை மனதுக்குள் பெட்டி செய்து பூட்டி வைக்க டேனிக்குக் கற்றுக்கொடுக்கிறார். இப்போது ஃப்ளானகன் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நாவலைத் தொடர்ந்தால் படம் பார்த்த கோடிக்கணக்கானவர்கள் குழம்புவார்கள். படத்தைத் தொடர்ந்தால் எழுத்தாளர் மனம் உடைவார்.

சமையல்காரரை என்ன செய்தார் என்பதை முதலில் பாருங்கள், ஏனென்றால் உங்கள் அக்கா பிரச்சினைக்கு நேரான பதில் அங்கே இருக்கிறது. படத்தில் அவர் இறந்துவிட்டார். அதை ஃப்ளானகன் மாற்றவில்லை. ஆனால் இரண்டாம் நாவலில் அவருக்கு ஒரு வேலை இருக்கிறது, குழந்தைக்கு வழி சொல்லிக்கொடுக்கும் வேலை. அந்த வேலை இல்லாவிட்டால் கதையே நகராது. அதனால் இறந்தவராகவே வந்து அதைச் செய்கிறார். கடற்கரையோரம் ஒரு பெஞ்சில், பயந்துபோய் வாய் பேசாமல் இருக்கும் பையனுக்குப் பக்கத்தில் ஆவியாக உட்கார்ந்து அந்தப் பெட்டி வித்தையைச் சொல்லித் தருகிறார். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதைப் படத்திலிருந்தும், அவர் செய்ய வேண்டிய வேலையை நாவலிலிருந்தும் எடுத்துக்கொண்டார் ஃப்ளானகன். பார்ப்பவருக்கு எந்த இடத்திலும் இடறுவதில்லை.

உங்கள் அக்காவை இப்படிப் பாருங்கள். இரண்டாம் நாவலில் அவள் வேலை என்ன? தம்பியைத் திரும்ப வரவைப்பது. அந்த வேலைக்கு அவள் செத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இருபது வருடமாக அவள் அந்த ஊரிலேயே, அந்தப் பூட்டிய மில்லுக்கு எதிர்வீட்டிலேயே இருந்திருக்கலாம். தம்பி ஒரு நாள்கூட வந்து பார்க்காமல் இருந்திருக்கலாம். அப்படியானால் ராத்திரி போனில் கேட்கும் குரல் அவளுடையதுதானா, மில்லுடையதா என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இது ஒரு வழி. நடுவில் அவள் இயல்பாக இறந்துபோனாள் என்பது இன்னொரு வழி. இரண்டு படங்களுக்கு இடையில் போன காலத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் சொன்னாலும் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். ஃப்ளானகன் தன் படத்தை 1980இலேயே ஆரம்பிக்கிறார், முதல் கதை முடிந்த கொஞ்ச நாளில். பாதிப் படம் போன பிறகு ஃப்ளாஷ்பேக்கில் விளக்கம் கொடுக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கதை டிஸ்கஷனில் யாராவது அதைக் கட்டாயம் சொல்வார்கள்.

அடுத்து எழுத்தாளர் விஷயம். என் மனதுக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது.

ஓவர்லுக் ஹோட்டல், அதுவும் குப்ரிக்கின் ஹோட்டல், திரும்ப வரும் என்று ஃப்ளானகன் சொன்னபோது கிங்குக்கு முதலில் சம்மதமில்லை. ஃப்ளானகன் வாதாடிக்கொண்டிருக்காமல் ஒரு காட்சியைச் சொன்னார். நடுத்தர வயதாகிவிட்ட டேனி, பாழடைந்த அந்த ஹோட்டலின் பாரில் போய் உட்காருகிறான். குடியை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன. எதிரே நின்று விஸ்கி ஊற்றுபவன் அவனுடைய அப்பா. அப்பாவோ தன்னை அப்பா என்று ஒத்துக்கொள்ளாமல், நான் வெறும் பார்காரன் என்கிறான். மகன் அம்மா செத்த கதையை அவனிடம் சொல்கிறான். கிளாஸ் நடுவில் இருக்கிறது. இந்தக் காட்சியைக் கேட்ட பிறகுதான் கிங் சம்மதித்தார்.

இந்தக் காட்சி கிங்கின் நாவலில் கிடையாது. ஹோட்டலே எரிந்துவிட்டதால் இருக்கவும் முடியாது. ஆனால் கிங் எதற்காக இரண்டு நாவல்களையும் எழுதினாரோ அது முழுதும் அந்த பாரில் உட்கார்ந்திருக்கிறது: அப்பனுக்கு வந்த குடி மகனுக்கும் வந்தது, மகனாவது தப்பிப்பானா? செட் குப்ரிக்குடையது, வலி கிங்குடையது. எதை எங்கிருந்து எடுப்பது என்று குழம்பும்போதெல்லாம் நான் இந்தக் காட்சியைத்தான் நினைத்துக்கொள்வேன். கண்ணுக்குத் தெரிவதைப் பழைய படத்திலிருந்து எடுங்கள், மக்கள் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். பாத்திரத்துக்குள் அரிப்பது எதுவோ அதை நாவலிலிருந்து எடுங்கள், அது எழுத்தாளரிடம்தான் இருக்கிறது.

முடிவுக்கு வருவோம். இரண்டாம் நாவலின் முடிவில் டேனி பிழைத்துக்கொள்கிறான். குடியை விட்டுப் பதினைந்து வருடம் ஆன கூட்டத்தில் எழுந்து, தான் செய்ததிலேயே கேவலமான காரியத்தை எல்லார் முன்னாலும் சொல்கிறான். ஒரு தாயின் பர்ஸிலிருந்து பணத்தைத் திருடிக்கொண்டு, அவளுடைய கைக்குழந்தையை அப்படியே விட்டுவிட்டுப் போன கதை. படிக்கும்போது தொண்டை அடைக்கும். ஃப்ளானகன் அதை எடுக்கவில்லை. அவர் படத்தில், ஏப்ரா என்ற சிறுமியைக் காப்பாற்ற டேனி ஓவர்லுக்குக்கே திரும்பிப் போகிறான். ஹோட்டல் அவனைப் பிடித்துக்கொள்கிறது. கோடரியோடு அதே சிறுமியைத் துரத்துகிறான். ஒரு நொடி தன்னறிவு வருகிறது, அவளை ஓடிப்போகச் சொல்கிறான். பிறகு பாய்லர் அறையில், தீயின் நடுவில் சாகிறான்.

கவனித்தீர்களா? இது 1977 நாவலில் அப்பா ஜாக்குக்குக் கிங் எழுதிய முடிவு. குப்ரிக் எடுக்காமல் விட்ட முடிவு. நாற்பது வருடம் கழித்து அதை மகனுக்குக் கொடுத்துவிட்டார் ஃப்ளானகன். ஹோட்டலும் கடைசியில், கிங் நினைத்தபடியே, எரிகிறது. குப்ரிக்கின் படத்தில் தனக்குப் பிடிக்காமல் போனதெல்லாம் இந்தப் படத்தில் சரியாகிவிட்டது என்ற அர்த்தத்தில் கிங்கே சொன்னார். தன் நாவலின் முடிவை மாற்றியவரைப் பற்றி ஒரு எழுத்தாளர் அப்படிச் சொல்வது லேசில் நடக்காது.

ஆகவே நீங்கள் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இரண்டாம் நாவலை மூடி வையுங்கள். முதல் நாவலை எடுத்துப் படியுங்கள். படத்துக்குள் வராமல் போனவை என்னென்ன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சின்னதும் பெரியதுமாக எல்லாம். உங்கள் படத்தின் க்ளைமாக்ஸ் அந்த நோட்டுக்குள் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடிதத்திலேயே ஒன்றை எழுதிவிட்டீர்கள்: அக்கா உள்ளிருந்து சாத்திய இரும்புக் கதவு. படத்தில் அந்தக் கதவை யாரும் சாத்தவே இல்லை. காப்பாற்றப்பட்ட அக்கா இருபது வருடமாக, திறந்தே கிடக்கும் அந்தக் கதவுக்கு எதிரே வாழ்ந்துகொண்டிருக்கிறாள். அதை இப்போது யார் சாத்துவது? அவளா, இந்த முறை தம்பியா? நான் முடிவு சொல்லவில்லை, அது நீங்கள் எழுத வேண்டியது. ஆனால் அந்தக் கதவு சாத்தப்படும்போது படம் மட்டும் பார்த்தவர்களுக்கு அது புதிய முடிவாக இருக்கும். உங்கள் எழுத்தாளருக்கோ பறிபோன முடிவு திரும்பக் கிடைத்ததாக இருக்கும்.

தயாரிப்பாளர் கேட்கும் மில், படிக்கட்டு, தாலாட்டு விஷயத்தில் அவர் மேல் கோபப்படாதீர்கள். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஃப்ளானகன் குழு குப்ரிக் படத்தின் செட் வரைபடங்களைத் தேடி எடுத்து, ஹோட்டலின் உள்பகுதிகளை அதே அளவில் மறுபடி கட்டியது. பேய் இருக்கும் அறையின் எண்ணில்கூட நாவலின் 217ஐ விட்டுவிட்டுப் படத்தின் 237ஐ வைத்தார்கள். ஆனால் இதையெல்லாம் எப்போது காட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் தலைகாட்டியதோடு சரி, ஹோட்டலுக்குள் நாம் போவது கடைசிப் பகுதியில்தான். அதுவரை டேனி ஒரு சின்ன ஊரில், சாகக் கிடப்பவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதனால்தான் அவனுக்கு டாக்டர் ஸ்லீப் என்று பெயர். இரண்டு மணி நேரம் அவனோடு வாழ்ந்த பிறகு அந்த வாசலுக்குப் போகும்போது நமக்குப் பழைய படம் ஞாபகம் வருவதைவிட, இவன் உள்ளே போகக் கூடாதே என்ற பதைப்புதான் வருகிறது.

நான் ஒரு முறை ஒரு பேய்ப்படத்தின் இரண்டாம் பாகத்துக்கு எழுதினேன். முதல் பாகத்தின் ஊஞ்சலை மூன்றாவது சீனிலேயே கொண்டுவந்து வைத்தோம். தியேட்டரில் கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். அப்புறம் படம் முழுக்க ஊஞ்சல் எத்தனை முறை ஆடினாலும் ஒரு சத்தம் இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் தாலாட்டை இடைவேளைக்கு முன்னால் ஒரு வரிகூட விடாதீர்கள். விட்டால் ஒரே ஒரு முறை, அதுவும் யாராவது வாய்க்குள் முனகுவதாக.

பழைய நடிகர்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கம்ப்யூட்டரில் முகத்தை இளமையாக்கிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். ஃப்ளானகன் அதைச் செய்யவில்லை. அம்மாவாக அலெக்ஸ் எஸ்ஸோ, பாரில் அப்பாவாக ஹென்றி தாமஸ், ஹாலரனாக கார்ல் லம்ப்ளி என்று வேறு நடிகர்களையே போட்டார். அவர்களும் மிமிக்ரி செய்யாமல் நடித்தார்கள். முதல் இரண்டு நிமிடம் வேறு ஆள் என்று தெரியும், பிறகு மறந்துவிடும். 1980 படத்தில் டேனியாக நடித்த டேனி லாயிட், பேஸ்பால் மைதானத்தில் வேடிக்கை பார்ப்பவராக வந்து போகிறார். தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும், கதையை அது தொடுவதில்லை. மரியாதை செய்ய நினைத்தால் அந்த அளவு போதும்.

நாவலிலிருந்து விட வேண்டியதைத் தயங்காமல் விடுங்கள். கிங்கின் இரண்டாம் நாவலில் ஏப்ராவின் அம்மா ஜாக்குக்குப் பிறந்தவள், அதனால் ஏப்ரா டேனிக்கு ரத்த உறவு என்று ஒரு திருப்பம் வரும். படத்தில் அது இல்லை. உறவு இல்லாத ஒரு குழந்தைக்காகத் திரும்பிப் போகிறான் என்பது படத்துக்கு இன்னும் நன்றாகவே இருக்கிறது. அதை விட்டும் படம் 152 நிமிடம் வந்தது, பிறகு வெளியிட்ட இயக்குநர் பதிப்பு மூன்று மணி நேரம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவு அக்கறையோடு எடுத்த படம் தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை. காரணம் பலவாக இருக்கலாம். எனக்குப் படுவது, பழைய படத்தைப் பார்க்காத இளைஞர்களுக்கு இது தங்கள் படம் என்று தோன்றவில்லை. முழுதாக எழுதி முடித்த உங்கள் பவுண்ட் ஸ்கிரிப்டை முதல் பாகம் பார்க்காத ஒருவரிடம், இருபது வயதுக்கு உட்பட்ட ஒருவரிடம், கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில் 'இது யாரு?' என்று கேட்கிறாரோ அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள்.

கடைசியாக, எழுத உட்காரும் முன் உரிமை விஷயத்தைச் சரிபாருங்கள். இரண்டாம் நாவலின் உரிமை எழுத்தாளரிடம் இருக்கும். பழைய படத்தில் புதிதாகச் சேர்த்த படிக்கட்டுக் காட்சியும் தாலாட்டும் அந்தப் படத்தின் தயாரிப்பாளரிடமோ பாட்டுக்கு உரிமை பெற்றவரிடமோ இருக்கும். வார்னர் பிரதர்ஸ்தான் குப்ரிக்கின் படத்தையும் வெளியிட்டது, 'டாக்டர் ஸ்லீப்'பையும் எடுத்தது. அதனால் அங்கே இது ஒரே வீட்டு விவகாரம். உங்களுக்கு அப்படியா என்று பாருங்கள். நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லையென்றால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இருபது வருடத்துக்கு முந்தைய ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டாமல் ஒரு சீன்கூட எழுதாதீர்கள்.

அதன்பிறகு எழுத்தாளர் வீட்டுக்குத் தனியாகப் போங்கள். தயாரிப்பாளரை அழைத்துப் போக வேண்டாம். கதைச் சுருக்கமான ஒன்லைன், காட்சி வரிசையான சீன் ஆர்டர் எதுவும் வேண்டாம். அந்தக் கதவுக் காட்சியை மட்டும் மனதில் எழுதி எடுத்துக்கொண்டு போய், உட்கார்ந்து சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் எதுவும் விளக்காமல் அவர் பேசும்வரை காத்திருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள் தம்பி.